பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: பராமரிப்பும் பழுதும்

இது மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறைக்கு, அதாவது 1989 முதல் 1997 வரை ஹிரோஷிமாவில் செய்யப்பட்ட, ஹெட்லைட் மேலே எழும்பும் வண்டிக்கு மட்டும். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றதும் இதே கார்தான். இந்தியாவில் இது அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. இதைத் தமிழில் தேடிப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா பக்கம் இருப்பவர்களாகத்தான் இருக்கும், அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். இந்த வண்டியில் பெரிய பழுது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிற பல விஷயங்கள் கடைசியில் ஒரு ரப்பர் வளையமாகவோ ஒரு குழாயாகவோதான் இருக்கும். பெரிய பில்லுக்குச் சரி சொல்வதற்கு முன்னால் சின்னதைப் பார்த்துவிடுங்கள்.

வாங்கியாச்சு. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முந்தைய ஓனர் என்ன சொன்னாலும் சரி, ரசீது இல்லையென்றால் எதுவும் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், கிளச் ஆயில், கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில் எல்லாவற்றையும் ஒரே வாரக் கடைசியில் மாற்றிவிட்டால் அதன்பின் எது எப்போது என்று நீங்களே கணக்கு வைக்கலாம். ஆயில் ஃபில்டர் இன்டேக் மானிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும், மேலிருந்து கை விட்டால் முழங்கை சிராய்க்கும். வண்டியைத் தூக்கி, வலது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கமாகக் கை விடுவது எளிது.

தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கை முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும், பின்னால் டிஃபரென்ஷியலுக்குக் கீழேயும் வைக்கலாம். தரைத்தகட்டுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய சட்டங்களில் வைக்காதீர்கள், அவை நசுங்கிவிடும். பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் அவை ஏற்கெனவே நசுங்கித்தான் இருக்கும். ஸ்டாண்டு போடாமல், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றுவது? அறுந்தால் இன்ஜின் போய்விடுமா?

60,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது கிட்டத்தட்ட 96,000 கிலோமீட்டர். ஆனால் இந்த வண்டிகள் வருடத்துக்குக் கொஞ்சம்தான் ஓடுகின்றன, அதனால் மைலை விட வயதைப் பாருங்கள். எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாத பெல்ட்டை வைத்துக்கொண்டு ஓட்டுவதில் அர்த்தமில்லை.

அறுந்தால் இன்ஜின் போகாது. 1.6 லிட்டர் இன்ஜினிலும் சரி, 1.8 லிட்டர் இன்ஜினிலும் சரி, பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத அமைப்பு. வண்டி அங்கேயே நின்றுவிடும், இழுத்துக்கொண்டு வந்து புது பெல்ட் போட்டால் ஓடும். இதைக் கேட்டுவிட்டு, அறுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களும் உண்டு. மோட்டார்வேயில் வலது ஓர லேனில் இன்ஜின் அணைவது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் பம்ப் சுற்றுவது வெளியே உள்ள ஆல்டர்னேட்டர் பெல்ட்டில்தான், ஆனால் அதைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் கழற்றியாக வேண்டும். பெல்ட்டைக் கழற்றும்போதே பம்ப், டென்ஷனர் பேரிங், ஐட்லர் பேரிங், கேம் சீல்கள், கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்பக்க சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சாமான்களின் விலை கொஞ்சம்தான், அங்கே போய்ச் சேருவதற்கான கூலிதான் அதிகம். அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.

என்னுடையது 1990 மாடல். கிராங்க் பிரச்சினை என்று பயமுறுத்துகிறார்களே?

பயம் நியாயமானதுதான், ஆனால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். 1989-லிருந்து 1991 நடுவரைக்கும் வந்த 1.6 இன்ஜின்களில் கிராங்க்கின் முன்முனை குட்டையாக இருக்கும். அங்கே புல்லியை ஒரு சின்னச் சாவியும் (பள்ளத்தில் உட்கார்ந்து புல்லி நழுவாமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) ஒரு பெரிய போல்ட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த போல்ட்டை யாராவது கழற்றி, சரியான இறுக்கம் இல்லாமல் திரும்பப் போட்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சாவி அதன் பள்ளத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஆடத் தொடங்கும். பள்ளம் அகலும், டைமிங் நழுவும், வண்டி இழுக்காது. ஒருநாள் சாவி முறிந்தும் போகலாம்.

கண்டுபிடிப்பது இப்படி. பானட்டைத் திறந்து, முன்னால் கீழே கிராங்க் புல்லியின் நடுப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் உள்ள பெரிய போல்ட்டைச் சுற்றி நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் பிற்காலத்து நீள முனை. குட்டை முனை என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு புல்லியின் விளிம்பைக் கவனியுங்கள். அலையாமல் நேராகச் சுற்றினால் நல்லது, அதைத் தொடாதீர்கள். விளிம்பு முன்னும் பின்னும் தள்ளாடினால் உடனே பார்க்க வேண்டும்.

டைமிங் பெல்ட் வேலை கொடுக்கும்போது, இது குட்டை முனை கிராங்க், அந்த போல்ட்டை டார்க் ரெஞ்சில் புத்தகத்தில் போட்ட அளவுக்குத்தான் இறுக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இம்பாக்ட் கன்னில் ஒரு அடி அடித்து முடிப்பவர் கையில் இந்த இன்ஜினைக் கொடுக்காதீர்கள்.

இன்ஜினின் பின்பக்கம் ஆயில் வடிகிறது. கிராங்க்கின் பின்முனையில் உள்ள ரியர் மெயின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். இந்த வண்டியில் எனக்கு மிகவும் ஆத்திரம் வருகிற இடம் இதுதான், ஏனென்றால் எத்தனையோ பேர் தேவையில்லாமல் கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறார்கள்.

சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், ஃபயர்வாலை ஒட்டி, உருளையான ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. கேம் ஆங்கிள் சென்சார். அதற்குள் ஒரு ஓ-ரிங். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து அந்த வளையம் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போகும், ஆயில் கசியும். கசிந்த ஆயில் இன்ஜினின் முதுகில் இறங்கி, கியர்பாக்ஸ் மூடிக்கு அடியில் போய்ச் சொட்டும். கீழிருந்து பார்த்தால் ரியர் மெயின் சீல் லீக் போலவே இருக்கும்.

சென்சாருக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரல் நனைந்து வந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. கழற்றுவதற்கு முன்னால் சென்சார் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் மாறும். ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட், ஆனால் கையே போகாத இடம், பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும். பழைய வளையத்தை எடுத்தால் பெரும்பாலும் வளையாமல் துண்டு துண்டாக உடையும். புதியதில் கொஞ்சம் ஆயில் தடவிப் போட்டு, கீறிய கோடு சேரும்படி வைத்து இறுக்குங்கள். பின்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் சொட்டினால் வால்வ் கவர் கேஸ்கெட்டைப் பாருங்கள். கியர்பாக்ஸ் பேச்சு அதற்கப்புறம்தான்.

இன்னொன்று, அந்த ஆயில் கீழே ஓடும் ஹீட்டர் ஹோஸ் மேலும் விழுந்துகொண்டிருக்கும். ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பி மெத்தென்றாகிவிடும். அழுத்திப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கியர் விழ மாட்டேன் என்கிறது, முக்கியமாக ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும். கிளச் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, கிளச் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடலிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தால் கிளச்சைத் தள்ளும் உருளை. இந்த வண்டியில் பல ஓனர்கள் ஒரு தடவையாவது மாற்றும் சாமான் இது. பெடல் கீழே போய் நின்றுவிடுகிறது, பம்ப் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது, பிறகு மறுபடியும் அதே கதை என்றால் கிட்டத்தட்ட உறுதி.

முதலில் பானட்டைத் திறந்து கிளச் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிரேக் டப்பாவை விடச் சின்னதாக, தனியாக இருக்கும். அளவு குறைந்தோ, ஆயில் கறுத்தோ இருக்கும். அப்புறம் வண்டியைத் தூக்கி, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஸ்லேவ் சிலிண்டரின் முனையில் உள்ள ரப்பர் உறையை விரலால் மெல்ல மடித்துப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் ஒழுகினால் சீல் போய்விட்டது. அங்கே காய்ந்திருந்தால், உள்ளே காலுக்கடியில், பெடல் மேலே ஃபயர்வாலில் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் என்றால் பழுது பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்.

இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே என் கட்சி. ஒன்றைப் புதிதாகப் போட்டால் மற்றப் பழையது சீக்கிரமே கைவிடும், பிறகு மறுபடியும் ஆயில் ஊற்றி ஏர் எடுக்கிற (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற) வேலை. டாட் 3 அல்லது டாட் 4 ஆயில் போதும். ஏர் எடுக்கும்போது பெடலை மிதிக்க ஒருவர், கீழே நட்டைத் திறந்து மூட ஒருவர் இருந்தால் அரை மணி நேர வேலை. ஆயில் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

குளிரில் செகண்ட் கியர் முரண்டு பிடிக்கிறது. கியர் லீவரைச் சுற்றிச் சூடும் வருகிறது.

குளிரில் செகண்ட் முரண்டு பிடிப்பது இந்த கியர்பாக்ஸின் பிறவிக்குணம், சூடானதும் சரியாகிவிடும். சூடு வருவதும் லீவர் கரகரவென்று இருப்பதும் வேறு விஷயம்: லீவருக்கு அடியில் உள்ள ரப்பர் பூட் கிழிந்திருக்கும். கன்சோலைக் கழற்றி, பூட் இரண்டையும் மாற்றுங்கள். லீவர் உட்காரும் கிண்ணத்துக்கென்று கொஞ்சம் தனி ஆயில் உண்டு, அது பெரும்பாலும் வற்றியே கிடக்கும். அங்கே கொஞ்சம் 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றிய பிறகு கியர் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஸ்டார்ட் செய்ததும் டக் டக் டக் என்று மேலே சத்தம்.

ஹைட்ராலிக் லிஃப்டர்கள். வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் சின்ன உருளைகள், அவற்றுக்குள் ஆயில் போகும் துளை மிக நுண்ணியது. ரொம்ப நாள் நின்ற வண்டியிலும் அழுக்கு ஆயிலிலும் அவை சத்தம் போடும். சில விநாடிகளில் நின்றால் கவலையே வேண்டாம். சூடான பிறகும் நிற்கவில்லையென்றால் நல்ல ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு ஹைவேயில் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டுங்கள், பலருக்கு அதிலேயே அடங்கிவிடும். சத்தம் எரிச்சலாக இருக்குமே தவிர, அதனால் மட்டும் இன்ஜின் கெட்டுவிடாது. ஆனால் கீழிருந்து கனமான தட்டும் சத்தம் வந்தால் அது லிஃப்டர் கிடையாது, உடனே அணையுங்கள்.

ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு: ஆரம்பகால வண்டிகளில் அது உண்மையான மீட்டர், முள் ஏறி இறங்குவது இயல்பு. 1995 முதல் வந்தவற்றில் அது வெறும் சுவிட்ச்தான், அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாது.

சூடாகிறது. ரேடியேட்டரா?

ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு. வயதானால் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வரும். உங்கள் வண்டியில் அந்த நிறம் வந்துவிட்டதென்றால் அது எப்போது வேண்டுமானாலும் விரியும், ஒழுகும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட், மூடி, மேல் கீழ் ஹோஸ் எல்லாம் அதே கையோடு.

இதைவிட அதிகமாகத் தவறவிடுகிற விஷயம், மூக்குக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு. ஆயில் மாற்றும்போது யாரோ கழற்றித் திரும்பப் போடாமலே விட்டிருப்பார்கள். அது இல்லையென்றால் முன்னால் நுழையும் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் கீழே நழுவிவிடும். ஊருக்குள் நன்றாக இருந்து, ஹைவேயில் மட்டும் சூடு ஏறினால் முதலில் குனிந்து அதைப் பாருங்கள்.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது, சிக்னலில் அணைந்துவிடுகிறது.

1.6 வண்டியானால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள குழாயைக் கழற்றி, மடிப்புகளை விரித்து, அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலிருந்து முழுசாகத் தெரியும், அடியில் பிளந்திருக்கும். இந்த மாடலில் பெட்ரோல் பம்ப்புக்கான சுவிட்ச்சே அந்த மீட்டருக்குள்தான் இருக்கிறது, குழாய் கழன்றால் வண்டி உடனே நின்றுவிடும். குழாய் சரியாக இருந்தால் த்ராட்டிலைச் சுத்தம் செய்யுங்கள், வேக்குவம் ஹோஸ்களைப் பாருங்கள்.

டைமிங்கும் ஐட்லிங்கும் பார்க்கும்போது, பானட்டுக்குள் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.இ.என். என்றும் ஜி.என்.டி. என்றும் எழுதிய இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்த பிறகே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் குறுக்கே வந்து மாற்றிக்கொண்டே இருக்கும். ஐட்லிங் 850 ஆர்.பி.எம். அளவில், டைமிங் 10 டிகிரி. 14 டிகிரிக்கு ஏற்றி ஓட்டுபவர்கள் நிறைய, வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாவது உண்மைதான், ஆனால் உயர் ஆக்டேன் பெட்ரோல் போடுவதாக இருந்தால் மட்டும்.

மழை நாளில் மட்டும் திக்குகிறது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இடறுகிறது என்றால் பிளக் வயர்கள். காயிலைக் குறை சொல்வதற்கு முன்னால் வயரையும் பிளக்கையும் மாற்றுங்கள்.

பேட்டரி எங்கே? எந்த பேட்டரியும் போடலாமா?

டிக்கியில், வலப்பக்கம். கண்ட பேட்டரியையும் போடக்கூடாது. சாதாரண ஆசிட் பேட்டரியின் ஆவி மூடிய டிக்கிக்குள் சுற்றி, தகட்டை அரித்துவிடும். காற்று வெளியேற வெளிக்குழாய் பொருத்தக்கூடிய, மூடிய ஏ.ஜி.எம். வகை பேட்டரிதான் தேவை. குழாயைத் தரையிலுள்ள ஓட்டையில் சரியாகச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள், அந்தக் குழாயே இல்லாத வண்டிகள் ஏராளம். குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பதென்றால் ஒரு டிரிக்கிள் சார்ஜரோடு இணைத்துவிடுங்கள்.

சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. கூரை கிழியவில்லையே?

கூரையில் விழும் மழைத்தண்ணீர் பின்னால் ஒரு பள்ளத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் தூணுக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டை வழியாக, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வெளியே போக வேண்டும். இலையும் மண்ணும் அந்த ஓட்டையை அடைத்தால் தண்ணீர் உள்ளே வரும். அதைவிட மோசம், கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற தகட்டுக்குள் இறங்கித் தங்கிவிடுவது. வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும், உள்ளே தகடு அரித்துக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்திலும் கனடாவிலும் சாலையில் உப்புப் போடும் இடங்களில் இந்த வண்டிகள் செத்துப்போவது இன்ஜினால் இல்லை, இந்தத் துருவால்தான். பின்சக்கரத்துக்கு முன்னால் சில் முடியும் இடத்தில் கட்டை விரலை வைத்து நன்றாக அழுத்துங்கள். பெயின்ட்டில் கொப்புளம் இருந்தாலோ, விரல் அமுங்கினாலோ, உள்ளே வெகுநாளாக வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெல்டிங் செய்பவரைத் தேடுங்கள், மேலே ஃபில்லர் பூசி மறைப்பவரைத் தேடாதீர்கள். வாங்கப் போகும்போதும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினை மாற்றலாம், அழுகிய உடம்பை மீட்பது வண்டி விலையை விட அதிகமாகிவிடும்.

ஓட்டையைச் சுத்தம் செய்ய புல்வெட்டும் மெஷினின் நைலான் இழை நல்லது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், அடியில் இருக்கும் ரப்பர் குழாய் கழன்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் அது வருகிறதா என்று பாருங்கள். இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் விரிந்துவிட்டது.

கூரையை இறக்குவதற்கு முன்னால் ஜன்னல் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். கடும் குளிரில் இறக்கவே வேண்டாம், பிளாஸ்டிக் விறைத்திருக்கும், மடித்தால் விரியும். ஒட்டுப்போட்டு ஓட்டலாம், ஆனால் கூரையும் பழசு என்றால் முழுசாகப் புதியதே போடுங்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த கூரைகளும் கிடைக்கின்றன.

ஒரு ஹெட்லைட் எழும்பவில்லை.

ஃபியூஸைப் பாருங்கள். அவசரத்துக்கு, மோட்டாரில் ஒரு ரப்பர் மூடிக்கு அடியில் கையால் திருகும் குமிழ் இருக்கிறது, திருகினால் விளக்கு மேலே வரும். அதற்கு முன்னால் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், திடீரென்று மோட்டார் ஓடினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

பின் பிரேக் பேட் மாற்றுகிறேன், பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.

அழுத்தாதீர்கள்! முன்பக்கத்தில் கிளாம்ப் வைத்து அழுத்தலாம், பின்பக்கத்தில் அழுத்தினால் உள்ளே ஹேண்ட் பிரேக் அமைப்பு உடைந்துவிடும். காலிபரின் பின்னால் மூடி மாதிரி ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போடும் இடம். கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் திருகினால் பிஸ்டன் உள்ளே போகும். புது பேட் போட்ட பிறகு, பேட் டிஸ்க்கைக் கவ்வும் வரை மறுபக்கம் திருகி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இந்த ஆலன் கீ இடம்தான். காலிபர் நகரும் ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவிவிடுங்கள், பின் காலிபர் இறுகிப்போவது சகஜம்.

டயர் பிரஷர் எவ்வளவு?

மூல அளவான 185/60 ஆர்14 டயருக்கு நான்கு சக்கரத்திலும் 26 பி.எஸ்.ஐ. டயர் கடைக்காரர் பழக்கத்தில் 32, 34 என்று ஏற்றிக் கொடுப்பார். ஒரு டன் கூட இல்லாத வண்டி இது, அவ்வளவு காற்றில் குதிக்கும், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கும். வீட்டுக்கு வந்ததும் குறைத்துவிடுங்கள். வீல் அலைன்மென்ட் கேட்டால், சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்யும் கேம்பர் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடுவது இந்த வயதில் சாதாரணம், முதல் நாள் இரவே ஊடுருவும் ஆயில் அடித்து ஊறவிட்டுக் கொண்டுபோங்கள்.

சாமான்கள் இன்னும் கிடைக்கின்றனவா?

இதே வயது கார்கள் பலவற்றை விட நன்றாகவே கிடைக்கின்றன. 2016-இல் எம்எக்ஸ்-5 பத்து லட்சத்தைத் தாண்டியது, இத்தனை வண்டிகள் இருக்கும்போது சாமான் செய்பவர்களும் இருப்பார்கள். 2017-இல் மாஸ்டாவே ஜப்பானில் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு மீட்புத் திட்டம் ஒன்றை அறிவித்து, நின்றுபோன சில பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. துணிக்கூரை, நார்டி மர ஸ்டியரிங், அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்.எஃப்.325 டயர்கூட வந்தது. ரப்பர், சீல், ஓ-ரிங் மாதிரி சாமான்களை முடிந்தவரை ஒரிஜினலாகவே வாங்குங்கள், விலை வித்தியாசம் சில காசுதான். ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் என்றால் ஆர்டர் போடும்போது சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்; இன்ஜின் சாமான்கள் பெரும்பாலும் ஒன்றுதான், விளக்கு, வயரிங் மாதிரி இடங்களில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும்.